போர்ட்டிகோவில் ஒரு கலைப்படைப்பு

ஒற்றைக் கண். இரண்டு காது. உதைத்தால் உறுமும் என்பார்கள். இப்போது எத்தனை உதைத்தாலும் உறுமாது. நிறுத்திய இடத்திலேயே நிற்கும். வீட்டில் ஒருவருக்கும் உபயோகமில்லை. அது என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம்.

என் மனைவி லோகப்பிரியாவிடம் இந்த விடுகதையைப் போட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"நீங்கதானுங்க."

"ஒத்தக் கண்ணுன்னு சொன்னனே, அம்மணி?"

"அது ஒண்ணுதானுங்க இடிக்குது."

சரியான விடை, என் ஸ்கூட்டர். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில், தகரக் கூரைக்கு அடியில், வெயிலும் மழையும் படாத ஒரே இடத்தில் அது நிற்கிறது. ஓடி வெகுகாலம் ஆகிறது. அதை எடைக்குப் போடச் சொல்லி லோகப்பிரியா நச்சரிக்காத வாரம் கிடையாது.

"அந்தியூர் குதிரைச் சந்தைக்கே இதுலதான் போனனாக்கும்" என்பேன் நான்.

"வாரப்போ டெம்போவுல ஏத்திட்டு வந்தீங்க. அதையுஞ் சேத்திச் சொல்லுங்க" என்பாள் அவள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் கலைஞர்கள் வந்தார்கள். பல துறைக் கலைஞர்கள் கூடி, தெரு மக்களையும் சேர்த்துக்கொண்டு, பொதுக்கலை படைக்கும் திட்டமாம். ஸ்ரீனிவாஸ் ஓவியர். ஆனால் தூரிகையைத் தொடவில்லை. எங்கள் மதில் சுவரில் காதை வைத்து, அது என்ன கேட்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு கேட்கும், வேறென்ன கேட்கும்? சைதன்யா நடனக்காரி. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நடந்தாள். அதுதான் நடனம் என்றார்கள். அப்படியானால் எங்கள் தபால்காரர் பெரிய வித்துவான். இன்னொருவர் ஒலிக்கலைஞர். தண்ணீர்க் குழாய்க்கு மைக் பிடித்தார். அன்று குழாயில் காற்றுதான் வந்தது. அதைப் பயபக்தியோடு பதிவு செய்துகொண்டார்.

இவர்களால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை, நான்காவது ஆள் வரும்வரை. அவர் சஹீர், சிற்பி. பழைய இரும்பு தேடி வந்தவரின் கண் போர்ட்டிகோவுக்குள் விழுந்தது.

"சார், இதைப் பிரிச்சா அருமையான மயில் ஒண்ணு செய்யலாம்."

"தாராளமாப் பிரிச்சுக்குங்க தம்பி" என்றாள் லோகப்பிரியா. "ஸ்பேனர் வேணும்னாலும் நானே எடுத்தாரனுங்க."

என் ஸ்கூட்டர் மயிலாவதா? அன்றே ஒரு சபதம் எடுத்தேன். அவர்களை அவர்கள் ஆயுதத்தாலேயே வீழ்த்துவது. இரண்டு நாள் அவர்கள் பின்னால் அலைந்து, அவர்கள் பேசும் தினுசைக் கற்றுக்கொண்டேன். கஷ்டமே இல்லை. எதைப் பார்த்தாலும் அது அதுவல்ல என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எல்லோரையும் போர்ட்டிகோவுக்கு அழைத்தேன். சீட்டின் மேல் கையை வைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

"இது ஸ்கூட்டர் அல்ல. உறைந்துபோன ஒரு பயணம். இதைப் பிரிக்கவே கூடாது. இது ஏற்கெனவே கலை."

சைதன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சஹீர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார்.

"ஒரு நட்டுகூடக் கழட்டமாட்டோம் சார்" என்றார் ஸ்ரீனிவாஸ்.

நான் லோகப்பிரியாவைப் பார்த்து மீசையைத் தடவினேன். அவள் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. சும்மா கேக்கறேன்" என்றாள். "பொதுக்கலைன்னா பொது இடத்துலதானுங்க வெக்கோணும்? இவரு கேட்டைப் பூட்டிக்கிட்டு உள்ள வெச்சிருந்தா ஊர்ச் சனம் எப்புடிங்க பாக்கும்?"

"ஏரிக்கரை" என்றார் சஹீர். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

நான் விடவில்லை. இந்தத் தகரத்தின் நிழலில்தான் அதன் ஆன்மா இருக்கிறது என்று வாதாடினேன். அதற்கும் நால்வரும் தலையாட்டினார்கள். எதற்கும் ஆடும் தலைகள். கடைசியில் ஸ்ரீனிவாஸ் ஒரு வழி சொன்னார். ஒரு வீட்டுக்குள் கருத்து வேறுபட்டால் அந்த வீட்டின் சிறியவர் முடிவு செய்வது அவர்கள் வழக்கமாம். எங்கள் வீட்டில் சிறியவள் ரித்திகா, மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடும்போது அவளைக் கேட்பதென்று முடிவாயிற்று.

எனக்கு நிம்மதி. மகளை வளைப்பது கடினமா என்ன? அன்று மாலையே தள்ளுவண்டிக் கடைக்குக் கூட்டிப்போய் காளான் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னொரு தட்டும் சாப்பிட்டாள்.

"ஸ்கூட்டர் நம்ம ஊட்லயே இருக்கட்டும்னு சொல்லுவீல்ல கண்ணு?"

"பாக்கலாமுங்ப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் லோகப்பிரியா தனியே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, காளானுக்கெல்லாம் புள்ள மசியாதுங்க. ரொம்ப நாளா சைக்கிள் கேட்டுட்டு இருக்கறா. வாங்கிக் குடுத்துப்போடுங்க."

எதிரிக்கு யாராவது இப்படி யோசனை சொல்வார்களா? அவள்மேல் எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமையே பச்சை நிற சைக்கிள் வந்துவிட்டது. ரித்திகா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் பிழைத்தது என்று நினைத்தேன்.

சைக்கிளை ஹாலுக்குள் உருட்டினாள். "இப்பத்தான் தொடச்சேன், வெளிய நிறுத்து கண்ணு" என்றாள் லோகப்பிரியா. போர்ட்டிகோவில் ஸ்கூட்டர் போக இடமில்லை. ரித்திகா கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள். சனிக்கிழமை மழை பிடித்தது. ரித்திகா தன் மழைக்கோட்டைக் கழற்றிச் சைக்கிளுக்குப் போட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, சைக்கிள் நனையுதுங்ப்பா."

"ஒண்ணும் ஆவாது கண்ணு" என்றேன், ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றபடி. அங்கே ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஞாயிறு காலை தெருவே எங்கள் கேட்டின் முன் கூடியது. ஒலிக்கலைஞர் ரித்திகாவின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினார். சைதன்யா குனிந்து கேட்டாள்.

"இந்த ஸ்கூட்டர் எங்க இருக்கணும் பாப்பா? இங்கயா, ஏரிக்கரையிலயா?"

நான் ரித்திகாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். லோகப்பிரியா அவளைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

ரித்திகா ஏரிக்கரை என்றாள். நால்வரும் ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போனதும், சைக்கிளை உருட்டி வந்து அந்த இடத்தில் நிறுத்தினாள்.