சுவரு நைனாவுது, மண்ணு சத்திரத்துது

எங்க நைனா யாரையும் நம்பமாட்டார். துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. வருகிற பெட்டி ஒவ்வொன்றுக்கும் டார்ச் அடித்து, சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணி. பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்காவிட்டால் நம்ம தண்ணியில் அவர் மோட்டார்.

அப்படிப்பட்ட டில்லிபாபு இந்த வருஷம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். திருவொற்றியூர் வீட்டை விற்றுவிட்டு மாதவரத்தில் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டுக்குப் போவது. அட்வான்ஸ் கைக்கு வரும்வரை அம்மாவுக்கு மூச்சுக்கூடக் காட்டக் கூடாது.

தெரிந்தால் அம்மா விடமாட்டாள். காசிமேட்டில் ஏலம் எடுக்கிற மீனை எங்கள் வாசலில் வைத்துத்தான் விற்கிறாள். அவளுக்கு வாசல்தான் கடை. மாதவரத்தில் நாலாவது மாடியில் வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் லிஃப்டில் பூனைதான் வரும்.

விஷயத்தை என்னிடம் மட்டும் சொன்னார். நம்பி இல்லை. ப்ளஸ் டூ முடித்து சும்மா இருந்தேன், சட்ட வார்த்தை படிக்க ஆள் வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டு ராயபுரம் போய் டெரிக் என்கிற புரோக்கரைப் பார்த்தார். டெரிக் அங்கிள் டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

“மண்ணு உன்னுதா டில்லி?”

“வூடு என்னுது.”

“வூட்ட கேக்கல மாமு. வூட்டுக்குக் கீழ இன்னா கீது?”

“இன்னா கீது. தரை.”

“தரைக்குக் கீழ?”

நைனா அவரை முறைத்தார். எங்கள் வீட்டில் புதையல் இருப்பதாக எவனோ இவரிடம் சொல்லிவிட்டான் என்று நினைத்தார் போல.

அப்புறம்தான் டெரிக் அங்கிள் விளக்கினார். எங்கள் வீடு அடிமனை வீடு. மண் ஒரு தர்ம சத்திரத்துக்குச் சொந்தம். தாத்தா அதை நீண்ட குத்தகைக்கு எடுத்து மேலே வீடு கட்டினார். ஆகவே நாங்கள் விற்கக்கூடியது சுவரும் கூரையும்தான். கீழே இருக்கிற குத்தகை உரிமை வாங்குகிறவருக்குப் போக வேண்டுமானால் சத்திரம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். குத்தகையில் மிச்ச வருஷம் கம்மியாக இருந்தால் வாங்குகிறவருக்கு பேங்க் லோன் தராது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிக்கல். குத்தகை இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது.

“செத்தவரு கையெழுத்து போட வரமாட்டாரு. உசுரோட கீற ஒருத்தர் பேருக்கு மாத்து. அதுக்கு ரெண்டு புள்ளைங்களும் ஒத்துக்கணும்.”

ரெண்டாவது பிள்ளை எத்திராஜ் சித்தப்பா. எண்ணூரில் படகு வைத்திருக்கிறார். நைனா ஸ்வீட் டப்பாவோடு போனார். தம்பிக்கு அவர் ஸ்வீட் வாங்கிப் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சித்தப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தேதி முடிந்துவிட்டதா என்று. ஒரே ரத்தம்.

“உன் பேருக்கு மாத்துனா அடுத்த மாசமே வித்துடுவண்ணா. அண்ணி பேருக்கு மாத்து. கண்ண மூடிகினு கையெழுத்து போடுறேன்.”

வேறு பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்வீட்டைச் சாப்பிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் நைனா பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். விம்கோ நகர் தாண்டும்போது திடீரென்று சிரித்தார். எனக்கு பயமாகிவிட்டது. அப்புறம் காதருகே குனிந்து சொன்னார்: பேர் அவளுடையதாக இருந்தால் என்ன, என் பிராக்ரஸ் கார்டிலிருந்து எல்லாவற்றிலும் அவர் விரல் வைத்த இடத்தில்தானே அம்மா கையெழுத்துப் போடுகிறாள். படித்துப் பார்த்தாளா ஒருநாளாவது?

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே அம்மாவிடம் பேச்சை எடுத்தார். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“எனக்கு இன்னாத்துக்குய்யா பேரு?”

“ஒரு மரியாதமே.”

“இத்தினி வருசமா அது இல்லாமதான நல்லா கீறேன்.”

“புருசன் ஆசையா குடுக்கறேன். வாங்கிக்கமே.”

“உன் ஆசையும் வாணாம், சத்திரத்து மண்ணும் வாணாம். அந்தாண்ட போ, செதிலு தெறிக்குது.”

நைனா கெஞ்ச ஆரம்பித்தார். விடியற்காலையில் காசிமேட்டுக்குக் கூடவே போய் ஐஸ் பெட்டி தூக்கினார். சங்கரா செதில் சுரண்டினார், பாதி அவர் மீசையில் இருந்தது. பூ வாங்கினார். பூக்காரம்மா யாருக்கு என்று இரண்டு தடவை கேட்டாள். அம்மா எதற்கும் மசியவில்லை. வேண்டாம் என்றாள். சத்திரத்து ஆபீசுக்கு மெட்ரோவில் போகிற வயசா என்றாள். கடைசியில், கொழுந்தன் வந்து நிற்பதானால், நீ இவ்வளவு சொல்வதால், உனக்காக மட்டும் என்று பெருமூச்சு விட்டாள்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. காசிமேட்டு ஏலத்தில் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். வேண்டாத மீனைத் தூக்கி, மோந்து, செவுளைப் பிரித்துப் பார்ப்பாள். வேண்டிய மீன் பக்கம் திரும்பவே மாட்டாள். அன்றைக்கு நைனா பக்கம் அவள் திரும்பவே இல்லை. நைனாவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் என்மேல் டார்ச் அடிப்பார். விட்டுவிட்டேன்.

சத்திரத்து ஆபீசில் எல்லாம் வெண்ணெயாக நடந்தது. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, சொன்ன மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார், கோணலாக. நைனாவும் போட்டார். குத்தகை அம்மா பேருக்கு வந்தது. வெளியே வந்ததும் நைனா எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெரிக் அங்கிள் பார்ட்டியோடு வந்தார். பார்ட்டி பேர் சுப்புராயன். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எதற்குத் தட்டுகிறார் என்று நைனாவும் பின்னாலேயே போய் அதே இடத்தில் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒப்பந்தத்தை ஸ்டூலில் விரித்தார்கள். நைனா அம்மாவைக் கூப்பிட்டார். சத்திரத்துக்குக் கொடுக்கிற கடுதாசி என்றார். விரலை வைத்தார்.

அம்மா கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். நைனாவின் விரலை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு. நாலு பக்கமும். நைனா ஃபேன் போடப் போனார், கரண்ட் இல்லை.

படித்து முடித்து சுப்புராயனைப் பார்த்தாள்.

“இன்னா வாங்க வந்தீங்கண்ணே?”

“வூடும்மா.”

“வூடு விக்கல. வஞ்சிரம் கீது.”

குத்தகைக்காரி சம்மதம் இல்லாமல் இதில் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது என்று டெரிக் அங்கிள் சுப்புராயனிடம் மெதுவாகச் சொன்னார். சுப்புராயன் யோசித்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார். அதற்கு டெரிக் அங்கிள் கமிஷன் கேட்கவில்லை.

நைனா ஸ்டூலில் உட்கார்ந்தார். மெல்லக் கேட்டார்.

“அப்ப எத்திராசு அன்னைக்கு சொன்னது?”

“நீ போறதுக்கு மொத நாளே போன் போட்டு நான்தான் சொல்லிக் குடுத்தேன். உன் தம்பிக்கு சொந்தமா அவ்ளோ அறிவு கீதா?”

நைனா என்னைப் பார்த்தார். சொன்னது நான் இல்லை. பால்காரரிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரையும் சந்தேகப்பட்டவர், டெரிக் அங்கிளின் பெண்டாட்டி ஜானட் ஆன்ட்டி காசிமேட்டு ஏலத்தில் யாரோடு பேசிக்கொண்டு மீன் வாங்குகிறார் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

அதோடு முடிந்திருந்தால் நைனா தேறியிருப்பார். பேர் மாறினால் சத்திரத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் வந்தார். நைனா லுங்கியோடு மூலையில் உட்கார்ந்து, அவருடைய அடையாள அட்டை அசலா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் யாரையும் உள்வாடகைக்கு வைக்கக் கூடாது, வைத்தால் குத்தகை ரத்தாகும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அப்புறம் பேனாவால் மூலையைக் காட்டினார்.

“இவரு யாரும்மா? உள்வாடகையா?”

அம்மா நைனாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருதடவை பார்த்தாள்.

“வாடக குடுத்தாதான சார் உள்வாடக.”