யாரும் மேடைக்கு வரலாம்

முதலில் ஒரு விடுகதை. கதவில்லாத வீடு. உள்ளே இருப்பவன் தெரிந்தே பொய் சொல்வான். வெளியே இருப்பவர்கள் தெரிந்தே நம்பி அழுவார்கள். அது என்ன?

பாராளுமன்றம் என்று சொன்னவர்களுக்கு அரைப் புள்ளி. சரியான விடை, நாடக மேடை.

அந்த வீட்டில்தான் நான் பல வருடமாகக் குடியிருக்கிறேன். இலங்கை மலையகத்து மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் எனக்கு வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் சமூகத்தைத் திருத்துவேன். என் நாடகங்களின் முடிவில் தொழிலாளி கையை உயர்த்திக்கொண்டு எழுந்து நிற்பான். சனம் கை தட்டும். பிறகு தொழிலாளியும் சனமும் லயத்து வீடுகளுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

சமூகம் திருந்தாததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ஜீவராணி, பதுளையில் ஒரு தையல் கடையில் வேலை தேடிக்கொண்டுவிட்டாள். கடைக்குப் பின்னால் தங்குவதற்கு ஓர் அறையும் உண்டாம். மகள் மதுஷாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள்.

“புள்ளைக்கு அங்க நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. இங்க மழை பேஞ்சா பஸ் வராது. பஸ் வராட்டி டீச்சரும் வராது. நீங்களும் வாங்க.”

“நான் வந்தா என் நாடகக் குழு என்ன ஆகும்?”

“குழுன்னா நீங்களும் முருகையாண்ணனும்தானே. அவரையும் கூட்டிட்டு வாங்க.”

“மக்களை விட்டுட்டுப் போறது துரோகம், ஜீவா.”

“மக்கள்ல நானும் ஒரு ஆளுங்க.”

ஜீவராணியை வாயால் வெல்ல முடியாது. மேடையில் வெல்லலாம். அங்கே இரண்டு பேருக்கும் வசனம் எழுதுவது நான்தான்.

எழுதினேன். ஒரு பெண், தங்கமான புருசனை விட்டுவிட்டுப் பட்டணம் போகிறாள். பட்டணம் அவளை மென்று துப்புகிறது. திரும்பி வந்து பிள்ளையைக் கூப்பிடுகிறாள். பிள்ளை ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்கிறது. தங்கமான புருசன் நான். பிள்ளை மதுஷா. அம்மா வேடத்துக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டு முருகையா அண்ணன் சம்மதித்தார், ஆனால் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். கெட்டுப்போன பெண் என்று காட்ட அதுவும் உதவும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்குச் சேலை வேண்டும். ஜீவராணியிடம் கேட்டேன். கதையைக் கேட்டாள். சொன்னேன். சேலையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

“பாக்க வர்றவங்க யாரு வேணாலும் மேடைக்கு வரலாம்னு ஆரம்பத்துல சொல்லுவீங்களே. இதுலயும் சொல்லுவீங்களா?”

“சொல்லணும். அதான் நவீன நாடகம். ‘நிறுத்துங்க’ன்னு கை தூக்கினா நிறுத்திறணும். அவங்க வந்து நடிச்சு, கதையை மாத்திக் காட்டலாம். மத்தவங்க பாத்திரத்தை விட்டு வெளிய வரக் கூடாது.”

“பொம்பளைங்க?”

“பொம்பளைங்கதான் முக்கியமா வரணும்.”

தைரியமாகச் சொன்னேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒருவர் கை தூக்கினார். இராக்கம்மா அக்கா. அட்டை கடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் முன்வெளியில் நாடகம். முருகையா அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். நான் குரலை உயர்த்தினேன்.

“வெளிய போனா அழிஞ்சு போயிருவ. ஒனக்கு இருக்க எடம் குடுத்தது இந்தத் தோட்டம்.”

“இது போன திருவிழா நாடகத்துல தோட்டத்துத் துரை சொன்ன வசனமாச்சே, தம்பி,” என்றார் முன்வரிசையிலிருந்து இராக்கம்மா அக்கா.

உண்மைதான். நல்ல வசனம் என்று திரும்ப எடுத்திருந்தேன்.

“நிறுத்துங்க.”

கை தூக்கியது ஜீவராணி. நேராக மேடைக்கு வந்தாள்.

“முருகையாண்ணே, நீங்க போய் ஒக்காருங்க. சேலையை அப்பறம் தொவைச்சுக் குடுத்தா போதும்.”

பையை வைத்துவிட்டு அவர் சந்தோசமாக இறங்கிப்போனார். ஜீவராணி என் முன்னால் நின்றாள்.

“சரிங்க, நான் போகல. இங்கயே இருந்தா நம்ம புள்ள என்னவா வரும்?”

“நம்ம தோட்டத்துல...”

“கொழுந்து எடுக்குமா?”

எடுக்கக் கூடாது என்று நானே நாடகம் போட்டிருக்கிறேன்.

“அப்ப நீங்களும் எங்ககூட வாங்களேன். ஏன் வர மாட்டீங்க?”

என் நாடகம் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் கதையில் வரும் புருசன் நாடகக்காரன் இல்லை. தங்கமானவனாக இருக்கட்டும் என்று அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் நான் வைக்கவில்லை. அவன் போகாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. முருகையா அண்ணனைப் பார்த்தேன். சேலையோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு தம்பி, ஏன் போக மாட்ட?” என்றார் இராக்கம்மா அக்கா.

“ஜீவா, வீட்டுல பேசிக்கலாம்,” என்றேன் மெதுவாக.

“பாத்திரத்தை விட்டு வெளிய வரக் கூடாதுங்க.”

சனம் சிரித்தது. என் எந்த நாடகத்துக்கும் அப்படிச் சிரித்ததில்லை. ஜீவராணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. அவள் கேட்டது மெய்யான கேள்வி.

“நாடகம் முடிஞ்சிருச்சு,” என்றேன் சனத்தைப் பார்த்து. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் மேடையில் நின்ற மதுஷாவுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தேன்.

“அப்பா நெசமாவே கேக்குறேன், மதுஷா. எழுதிக் குடுத்த வசனம் வேணாம். நீ யார்கூட இருக்கப் போற?”

அம்மாவோடு போவதாகச் சொன்னாள்.