உடையாத தேங்காயும் உடைந்த கண்ணாடியும்

இதனை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே: எம் குடும்பத்தார் வாயில் அந்தத் தேங்காய் ஆண்டுதோறும் பருத்துவருகிறது. அண்மையில் யூனியன்வில் நகரில் நடந்த பிறந்தநாள் விருந்தொன்றில், அது ஒரு கரடியையும் வீழ்த்தியதாகச் சொல்லக் கேட்டேன். கரடி ஏதும் அங்கிருக்கவில்லை. (இருந்திருந்தால் பிழைத்திராது என்பது வேறு.) ஆதலின் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பதிவுசெய்தல் என் கடன்.

என் மகள் நளாயினி, என் விருப்பத்தைக் கேளாமலே சஞ்சீவனை மணந்தவள். அதனால் மருமகனோடு நேரே பேசுவதில்லை என்று நான் விரதம் பூண்டிருந்தேன். அவ்விரதத்தை முறிக்கும் சூழ்ச்சியாகவே, அவர் வாங்கிய புது மகிழுந்தில் லோரன்சியன் மலைகளுக்குப் பனிக்காலப் பயணம் ஒன்றை அவள் ஏற்பாடு செய்தாள்.

வோபர்னிலுள்ள எம் வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் என் ஆணைகள் மகள் வழியாகவே சென்றன.

"பிள்ளை, ஹீற்றரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

"அப்பா, அவர் உங்களுக்கு முன்னாலைதானே இருக்கிறார்."

"சொல்லு."

"நளா, குறைச்சிட்டன் எண்டு மாமாக்குச் சொல்லும்" என்றார் மருமகன், வெகு பணிவாக.

மலைகள் தென்பட்டன. ஊசியிலை மரங்கள் பனிச்சுமை தாங்காது தலைதாழ்த்தி நின்றன. அவ்வெண்மையில் உள்ளம் உருகியிருக்க வேண்டும். எனக்கோ, புது வண்டிக்கு இன்னும் தேங்காய் உடைக்கவில்லை என்பதே உறைத்தது. ஏற்றம் தொடங்குமுன் உடைத்தாக வேண்டுமென மகள் வழியாக அறிவித்தேன். தேங்காயை முதல்நாளே பின்பெட்டியில் வைத்திருந்தேன். இரவு முழுதும் வெளியே நின்ற வண்டிக்குள் அது உள்நீரோடு உறைந்து கல்லாகிவிட்டதை நான் எங்ஙனம் அறிவேன்?

வண்டி ஓரமாக நின்றது. கற்பூரம் காற்றில் பற்றவில்லை. வண்டியை வலம்வந்து தேங்காயை ஓங்கி நிலத்தில் எறிந்தேன். அது ஓசையேதுமின்றிப் பனிக்குள் புதைந்தது. முழங்கைவரை கையைவிட்டுத் தோண்டியெடுத்தேன்.

"அப்பா, காணும், விடுங்கோ. ஏறுங்கோ."

சகுனத்தடையோடு மலையேறுவதா? வண்டிக்கு எதிரே ஒரு கரும்பாறை நின்றது. இருந்த வலிமையெல்லாம் திரட்டி அதன்மேல் எறிந்தேன்.

தேங்காய் பாறையில் பட்டு, வந்த வழியே திரும்பி, என் தலைக்கு மேலாகப் பறந்து, சஞ்சீவன் அமர்ந்திருந்த இடத்துக்கு நேரே முகப்புக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி முழுதும் வெண்ணிறமாக விரிசலோடிற்று. அதற்குப் பின்னால் அவர் முகம் மறைந்துபோனது.

மகளின் வாழ்வை என் கையாலேயே முடித்துவிட்டேனா?

"மோனை, சஞ்சீவன், அடிபட்டிட்டுதோ? வாயைத் திறந்து கதை ராசா" என்று அலறியபடி ஓடி, வழுக்கி, அவருடைய கதவடியிற் போய் விழுந்தேன்.

கதவு மெல்லத் திறந்தது. ஒரு கீறல்கூட இல்லை. குனிந்து என்னைப் பார்த்த மருமகன் மனைவிபக்கம் திரும்பினார்.

"நளா, எனக்கு ஒண்டுமில்லை எண்டு மாமாக்குச் சொல்லும்."

கண்ணாடி உடைந்த மகிழுந்தை ஏற்றிச்செல்ல வந்த இழுவை வண்டியில் மூவரும் நெருங்கியமர்ந்து ஊர் திரும்பினோம். நானும் அவரும் தோளோடு தோள் உரச, வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தோம். வேலையற்றுப்போன நளாயினி உறங்கிவிட்டாள்.

தேங்காய் உடையவில்லை. இன்றும் மருமகன் வீட்டு உறைபெட்டியில் கிடக்கிறது. நான் எதற்கேனும் முகத்தைத் திருப்பினால், அதை எடுத்துவந்து என் தட்டருகே வைப்பார்.

இப்பதிவில் பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்தியருள்க. கரடியைச் சேர்க்கும் திருத்தம் மட்டும் ஏற்கப்படாது. அதனைக் கட்டிவிட்டவர் எவரென்று அறிவேன். அவரிடம், மகள் வழியாக அன்றி, நேரிலேயே சொல்லிவிட்டேன்.