ஆயிரம் ஆட்டம், ஒரே கேசட்

கோடி கோடியாகக் கொட்டி வீடியோ கேம் வெளியிடுகிற பெரிய கம்பெனிகள் எப்படி நட்டப்படுகின்றன, காசு கொடுத்து வாங்கினவர்களையும் ஏன் இப்படி வயிறெரிய வைக்கின்றன என்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கில்லை. அவர்கள் செய்கிற அத்தனையையும் தொண்ணூறுகளின் நடுவில், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், இரண்டு டி.வி.யை வைத்துக்கொண்டு நானே செய்து பார்த்துவிட்டேன்.

என் அக்கா செல்வி அப்போது சின்னதாக ஒரு பீங்கான் பொம்மை யூனிட் நடத்திக்கொண்டிருந்தாள். நான் அங்கேதான் வேலை பார்த்திருக்க வேண்டும். கையில் மண் ஒட்டுகிறது என்பதற்காக (சத்தியமாக வேறு காரணம் கிடையாது) வீடியோ கேம் கடை போட்டேன். இருந்தது ஒரே ஆட்டம். செங்கல் சுவருக்குள் ஒரு கோட்டை, அதைச் சுட வரும் டாங்கிகள். இரண்டு பேர் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். ஸ்கூல் விட்டதும் பையன்கள் ஓடி வருவார்கள். அவர்களைவிடத் தீவிரமானவர் ஆட்டோ ஓட்டும் தட்சிணாமூர்த்தி அண்ணன். ஜங்ஷனில் ரயில் வந்து சவாரி இறங்கிக்கொண்டிருக்கும். இவர் இங்கே கோட்டையைக் காத்துக்கொண்டிருப்பார்.

ஓடுகிற கடையை ஓட விட்டிருக்கலாம். விதி, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா விவசாயி. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அவர் கேட்டதற்கு, “கம்ப்யூட்டரு சம்பந்தமா பெரிய கம்பெனிங்க” என்று தரகர் அடித்துவிட்டிருந்தார். மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலுக்கு வரும்போது அந்தக் கம்பெனியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அதற்குள் என் கடை கம்பெனியாகியாக வேண்டும்.

கம்பெனி என்றால் வருமானம் பெருக வேண்டுமல்லவா? முதல் காரியமாக, ஆட்டத்தில் செத்தவர்கள் மறுபடி ஆட வேண்டுமானால் தனியாகக் காசு தர வேண்டும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். பட்டன் ஒழுங்காக வேலை செய்யும் ரிமோட் வேண்டுமென்றால் அதற்கும் தனிக் காசு.

தட்சிணாமூர்த்தி அண்ணன் அட்டையை இரண்டு முறை படித்தார்.

“ஏம்ப்பா, மூணு உசுரு கேமுக்குள்ளயே குடுத்திருக்கான். நடுவுல நீ யாரு, எமனா?”

“கம்பெனி ரூல்ஸுண்ணே.”

“எந்தக் கம்பெனி?”

“நான்தாண்ணே.”

அடுத்தது புது வெளியீடு. சென்னையில் ‘ஆயிரம் ஆட்டங்கள் ஒரே கேசட்டில்’ கிடைப்பதாகக் கேள்விப்பட்டேன். கேசட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அண்ணனின் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, “மாசி மகம் அன்று மாபெரும் வெளியீடு!” என்று கம்மாபுரம் வரைக்கும் கத்தவிட்டேன். சீரியல் லைட், பேனர், வாசலில் வாழை மரம். கையிலிருந்ததெல்லாம் அதில் கரைந்தது. சரி, முன்பதிவு செய்வோம் என்று யோசனை வந்தது. முன்பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு டோக்கன். அதுவும் சாதாரணக் காகிதமா? பீங்கானில்!

அக்காவிடம் போய் நின்றேன்.

“பொம்மையெல்லாம் அப்பறம் வேவட்டுங்க்கா. இந்தத் தடவ சூளையில டோக்கனு மட்டும் வையி.”

“காயறதுக்கு ரெண்டு நாளாவது வுடுடா. ஈரத்தோட வச்சா கோணிக்கும்.”

“தேதி சொல்லியாச்சுக்கா!”

சூளையைத் திறந்தபோது எல்லா டோக்கனும் வாடிய வெற்றிலை மாதிரி நெளிந்திருந்தது. சுமாராகக் கோணியதை நான் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை அக்கா யூனிட்டுக்குப் பின்னால் கொட்டினாள். என்னுடையது எல்லாம் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தது.

பிறகுதான் கேசட் வாங்கச் சென்னைக்குப் போனேன் (வரிசையைக் கவனியுங்கள்). கடைக்காரர் நல்ல மனிதர். “இந்த சரக்குல ஏதோ கோளாறு இருக்கு தம்பி. பத்து நாள் பொறுத்தா நல்லது வந்துடும்” என்றார். நான் என்ன சொன்னேன் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்குக் கையில் பணம் குறைந்ததால், அதுவரை எனக்குச் சோறு போட்ட டாங்கி கேசட் இரண்டையும் அவரிடமே கொடுத்துக் கழித்துக்கொண்டேன்.

மாசி மகத்தன்று காலையில் கடை வாசலில் கூட்டமான கூட்டம். திருவிழா பார்க்க வந்தவர்கள்கூட, இங்கே பிரசாதம் தருகிறார்கள் என்று நினைத்து வரிசையில் நின்றார்கள். பெண் வீட்டாரும் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா வாழை மரத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஆயிரமும் இதுக்குள்ளாற இருக்குதுங்களா மாப்ள?”

“ஆமாங்க மாமா.”

“நம்ம தமிழரசிக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்.”

தமிழரசி ரிமோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் பாக்கியத்துக்காகவே நான் இத்தனை பாடுபட்டதுபோல இருந்தது. திரையில் ஒன்று முதல் ஆயிரம் வரை வரிசையாக வந்தது. கூட்டம் கைதட்டியது. அவள் முதல் ஆட்டத்தைப் போட்டாள். ஒரு பொடியன் குழிகளைத் தாண்டித் தாண்டி ஓடினான். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, ஒவ்வொன்றாக ஏழு வரை போட்டுப் பார்த்து, எட்டாவதைப் போட்டாள். திரையை உற்றுப் பார்த்தாள்.

“இது முன்னாடி ஆடுனதேதாங்க. வானம் மட்டும் செவப்பா இருக்குது.”

“அது வேற ஆட்டங்க” என்றேன், தைரியமாக.

பதினைந்தைப் போட்டாள். அதே பொடியன், அதே குழிகள், வானம் பச்சை. ஐந்நூற்றைந்தைப் போட்டாள். அதே பொடியன் இந்த முறை நடுவிலிருந்து ஓடத் தொடங்கி, ஒரு குழியின் மேல் அந்தரத்தில் நின்றுவிட்டான். எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. டி.வி.யின் தலையில் தட்டினேன். அணைத்துப் போட்டேன். கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருகினேன். பொடியன் மீண்டும் ஓடிவந்து அதே இடத்தில் அந்தரத்தில் நின்றான்.

“மொத்தம் ஏழுதாங்க இருக்குது. அதையேதான் மாத்தி மாத்தி வச்சிருக்காங்க” என்றாள் தமிழரசி. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தட்சிணாமூர்த்தி அண்ணனுக்குக் காது கூர்மை.

“ஏழா? யோவ், ஆட்டோவுல ஆயிரம்னு கத்துனது நானு! நாளைக்கு ஸ்டாண்டுல எவன் மூஞ்சில முழிப்பேன்? எடு அந்த டேங்கு கேமை!”

“அது இல்லண்ணே.”

“இல்லன்னா?”

“ரெண்டு நாளுல இதையே சரி பண்ணிடுறேண்ணே...”

அதற்குமேல் யாரும் கேட்கத் தயாராக இல்லை. மேசைமேல் பீங்கான் மழை பொழிந்தது. “டோக்கனைப் புடி, காசைக் குடு!” என்ற சத்தத்தில் கோயில் மேளம்கூடக் கேட்கவில்லை. கொடுக்கத் தொடங்கினேன். கொடுக்கக் கொடுக்க டோக்கன் வந்துகொண்டே இருந்தது. நான் விற்றதைப்போல இரண்டு பங்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. யூனிட்டுக்குப் பின்னால் அக்கா கொட்டியதை யாரோ அள்ளி வந்திருக்கிறார்கள்!

தம்பியின் வெற்றியைப் பார்க்கப் பட்டுப்புடவையில் வந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, இதுல எது நான் வித்தது, எது நீ கொட்டுனதுன்னு பாத்துச் சொல்லுக்கா!”

அக்கா நாலைந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாமேதான்டா கோணலா இருக்குது. நான் எதைன்னு சொல்றது?”

ஆகவே எல்லாருக்கும் கொடுத்தேன். கல்லா காலியானதும் அக்கா தன் சுருக்குப் பையை அவிழ்த்தாள். அதுவும் தீர்ந்ததும், பெரிய டி.வி.யைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் அங்கேயே விற்றேன். திரும்பிப் பார்த்தால் பெண் வீட்டாரைக் காணோம். வாழை மரத்தையும் காணோம்.

சம்பந்தம் போய்விட்டது என்று அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு யூனிட்டுக்குப் போய் மண் பிசையத் தொடங்கினேன். அங்கேதான் ஒரு நாள் மத்தியானம் தமிழரசியின் அப்பா வந்து நின்றார். நான் எழுந்து, கை நிறைய மண்ணோடு கும்பிட்டேன்.

அவர் அக்காவிடம் சொன்னார்: “எங்களுக்குச் சம்மதங்க. அன்னிக்கு வித்தது, விக்காதது எல்லாத்துக்கும் காசு குடுத்தாரு. தம்பிக்கு ஏமாத்தத் தெரியாதுங்க. ஏமாறத்தான் தெரியும். அந்தக் கடைய மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. எம்பொண்ணும் அதத்தான் சொல்லுது.”

அந்த வைகாசியிலேயே கல்யாணம் நடந்தது.

அன்று தமிழரசி சொன்ன வாக்கியத்திலிருந்து மட்டும் எனக்கு இன்றுவரை விடுதலை கிடையாது. பழைய சட்டைக்குச் சாயம் ஏற்றிப் போட்டாலும், சொன்ன கதையையே மாற்றிச் சொன்னாலும், என் மகள் உடனே, “வானம் மட்டும் செவப்பா இருக்குதுப்பா” என்பாள். கல்யாணமாகி வந்த மருமகன்கூட இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்.

போன வாரம் ஒரு நாள், முந்தின நாள் குழம்பிலேயே தக்காளியைக் கரைத்து ஊற்றிப் புதுக் குழம்பு என்று தமிழரசி பரிமாறினாள். முப்பது வருடம் காத்திருந்த வாய்ப்பு. விடுவேனா?

“நேத்து வச்சதேதான். வானம் மட்டும் செவப்பா இருக்குது” என்றேன். மொத்தக் குடும்பமும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

அவள் கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“அப்ப டோக்கனைக் குடுங்க. காசைத் திருப்பித் தரேன்.”