சரோஜாவின் உச்சக் குரல்

வீட்டில் சத்தம் போடுவது பெண்டாட்டி சரோஜாதான் என்று நிரூபித்தே தீருவது என்று பலராமன் முடிவு கட்டினான். பேச்சைப் பதிவு செய்யும்போது யார் குரலுக்கு ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அவர் தோற்றவர். அவன் ஜெயித்தால் ஞாயிறு முழுக்கத் தூக்கம். அவள் ஜெயித்தால் வாலாஜாபாத்தில் அவன் மாமியார் வீட்டுக்குப் பயணம்.

ஒரகடத்தில் மைக் செட் கடை வைத்திருப்பவன் அவன். தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த டிஜிட்டல் டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்தான்.

"பழைய கேசட்டுல சத்தம் காட்டுற முள்ளு செவப்புக்குப் போனாலும் கொஞ்சம் தாங்கும். இது தாங்காது. இதுல பூஜ்யந்தான் மேல் எல்ல; அதத் தாண்டுனா செவப்பு வெளக்கு எரியும், கரகரன்னு பூடும். உச்சக் குரலுக்கும் மேல எடம் வுட்டு வெக்கணும்."

"யாரோட உச்சக் குரலு?"

"உன்னோடதுதான். பால்காரரக் கூப்புடு, பாக்கலாம்."

சரோஜா மைக்கருகே குனிந்தாள். "பால்காரரே..."

சாமி சந்நிதியில் வேண்டிக்கொள்கிற குரல்.

"இதான் உச்சமா?"

"இதுக்கு மேல எனக்கு வராதுங்க."

சோதனையில் முனகுகிறவர்கள்தான் மேடையில் முழங்குவார்கள். அது பலராமனுக்குத் தெரியும். ஆனால் கட்டிய பெண்டாட்டி அப்படிச் செய்வாளா? அந்த முனகலுக்கு மேல் கொஞ்சமே இடம் விட்டுப் பதிவுக் குமிழை ஏற்றித் திருகினான். மைக் பக்கத்திலேயே உட்கார்ந்து வம்பிழுத்தான்.

"சாம்பார்ல உப்பே இல்ல."

"போட்டுட்டா போச்சு."

"உங்க அண்ணன் கஞ்சன்."

"சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தாங்க."

"உங்கம்மாவுக்கு வாய் ஜாஸ்தி."

"வயசாச்சுல்ல, நீங்கதான் பொறுத்துக்கணும்."

அவள் பூக் கட்டிக்கொண்டே இருந்தாள். அவனுக்குத் தலை கொதித்தது. "இன்னாடி, கத்தவே மாட்டியா?" என்று அலறினான்.

"வெளக்கு எரியுதுங்க," என்றாள் சரோஜா.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் திரும்பினான். அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் அது எரிந்திருக்கிறது. ஓட்டிக் கேட்டார்கள். சரோஜா தேனாய் ஒழுகினாள். பலராமன் பேசிய இடத்திலெல்லாம் லாரி ஜல்லி கொட்டியது; ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பஸ்ஸில் டேப் அவன் மடியில் வந்தது. சரோஜாவின் அம்மா அதைக் கேட்டே ஆகவேண்டுமாம்.

மாமியார் சந்திரம்மாள் இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு மாப்பிள்ளையைப் பரிவோடு பார்த்தாள்.

"தொண்ட இவ்ளோ மோசமா கீதே, சொல்லக்கூடாதா? ஒரு மாசம் இங்கயே இருங்க. கஷாயம் வெச்சுத் தரேன்."