நான் இருக்கேன்ல!

ஆண்டவன் படைத்த மனிதர்களில் 'நான் இருக்கேன்ல'க்காரர் என்று ஒரு வகை உண்டு. வயதானவர் இருக்கிற வீட்டில் மட்டும்தான் இந்த வகை விளையும். இவரைத் திட்ட முடியாது, செய்வதெல்லாம் நல்லது. பொறுக்கவும் முடியாது, நிறுத்துவதே இல்லை.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். பெரியவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தால் போதும், தொடக்கூட வேண்டாம், அடுத்த அறையிலிருந்து பாய்ந்து வந்து, செம்பைத் தூக்கி, டம்ளரில் ஊற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்து (பச்சைத் தண்ணீர்தான்!), வாயருகே கொண்டுபோய், "மெதுவா, மெதுவா" என்று குடிக்கவைத்து, வாயையும் துடைத்துவிட்டு, "நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க? நான் இருக்கேன்ல" என்பார். பெரியவருக்குத் தாகமே இல்லை. செம்பில் உட்கார்ந்த ஈயைப் பார்த்தார்.

இப்படி ஒருவரைத் தேடி நான் எங்கே போக வேண்டும்? அவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

என் மாமனார் பஸ் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் ஜனத்தைப் பத்திரமாகத் திருப்பிய கை அது. அந்தக் கைக்கு இப்போது சட்டைப் பட்டன் போட அனுமதி இல்லை. டாக்டர் என்னவோ தெளிவாகத்தான் சொன்னார், "நல்லா இருக்கார், தினமும் நடக்கட்டும்" என்று. எங்கள் வீட்டுக்காரர் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்து, "தினமும் நடக்கணுமாம்ப்பா. நீங்க உட்காருங்க, நான் நடந்துடறேன்" என்றார். நடந்தாரா? நடந்தார்! காலையும் மாலையும், மாடியில்.

மாமனாருக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"என் கையால ஒரு டீ போட்டுக் குடிக்கணும்மா. யாரும் ஊதிக் கொடுக்காத டீ."

அது மகன் காதில் விழுந்தது. அன்றைக்கே டீத்தூள் டப்பா பரணுக்குப் போனது. அடுப்பு பற்றவைக்கிற லைட்டர் இவர் சட்டைப் பைக்குப் போனது. ஆபீசுக்கும் அதோடுதான் போனார். மாமனார் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை, கூட்டிப்போக ஆள் வராத பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான் என்ன செய்வேன்? ஆண்டவனிடம் ஒப்படைத்தேன்.

ஆண்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தான்.

மாமனார் ஜன்னல் பக்கம் வெயிலுக்குப் போகலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தார். எழப் பார்த்தார் என்று சொல்லுங்கள். "எழுந்திருக்காதீங்கப்பா, நான் இருக்கேன்ல!" என்று இவர் ஓடிவந்து ஆளோடு சேர்த்து நாற்காலியைத் தூக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் இடுப்பு.

"அப்பா... அசைய முடியலப்பா."

மாமனார் இறங்கினார். மகனைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார். முதல் காரியமாக அவன் சட்டைப் பையில் கைவிட்டு லைட்டரை எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அசையாதேடா. நான் இருக்கேன்ல."

நான் முந்திக்கொண்டு ஓடி, பரணிலிருந்து டப்பாவை இறக்கி, இறுகிக் கிடந்த மூடியைத் தளர்த்தி, மறுபடி மூடின மாதிரியே அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கண்ணை மூடிப் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிட்டேன். காது மட்டும் சமையலறையில்.

"பார்த்தியாம்மா, ஒரே திருகு!"

"உங்க கைக்குக் கேக்கணுமா மாமா!" என்றேன், கண்ணைத் திறக்காமல். பிரார்த்தனையில் பேசக் கூடாதுதான். ஆண்டவன் கோபிக்க மாட்டான். அவனும் மூடியைத் தளர்த்திவைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறவன்தானே?

முதல் டம்ளரை மாமனார் நின்றபடியே, தெருவுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் குடித்தார். இரண்டாவதைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். ஊதினார். விரலை விட்டுச் சூடு பார்த்தார். மகன் வாயருகே நீட்டினார்.

"நானே குடிச்சுக்கறேன்ப்பா! எனக்கு இடுப்புதான் பிடிச்சிருக்கு, கை நல்லாத்தான் இருக்கு!"

"பேசாதே, புரையேறும். மெதுவா, மெதுவா."

வாயையும் துடைத்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அதே பார்வை, அதே பள்ளிக்கூடப் பிள்ளை! சாயங்காலம் மெல்லக் கூப்பிட்டு, "டீத்தூள் கீழேயே இருக்கட்டும்" என்றார்.

இடுப்பு சரியானதும் குணமும் எழுந்து நடமாடுகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் பாதி தூரம் ஓடிவந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அதுவே பெரிய காரியம்.

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் இருப்பார். இதைப் படிக்க அவரும் கையை நீட்டினால் கொடுங்கள். என்ன வாயைத் திறக்கிறீர்கள்? "எழுத்து பொடிசா இருக்கு, நானே படிச்சுக் காட்டறேன்" என்றுதானே?

அவர் கண்ணாடியைத் துடைத்து, பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள்.