குளச்சலுக்குப் பழிவாங்கிய டச்சு சைக்கிள்

ஒரு கல்யாணத்துக்குப் போவது சுலபம். போகாமல் இருப்பதுதான் பெரும்பாடு. நாம் போகவில்லை என்பது போனவர்கள் அத்தனை பேருக்கும் உறைக்க வேண்டும். வீட்டில் பேசாமல் படுத்துக் கிடந்தால், பாவம், காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்து மன்னித்துவிடுவார்கள். இந்த ஞானம் எனக்கு இருந்ததுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். கொஞ்சம் புத்தி குறைவாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

பகவதி அக்கா என் கணவரின் பெரியப்பா மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். எனக்கு ஓரகத்தி முறை. நாகர்கோவிலில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. மூத்த மகள் கல்யாணத்துக்குத் தாம்பாளமும் வெற்றிலை பாக்குமாக ஊரெல்லாம் ஏறி இறங்கியவள், எங்களை மட்டும் வாட்ஸ்அப்பில் அழைத்தாள். அழைப்பிதழின் படம், அடியில் ஒரு கும்பிடு பொம்மை. அவ்வளவுதான் எங்கள் மரியாதை.

"நேர்ல வந்து விளிக்காத கல்யாணத்துக்கு நா வரமாட்டேன். நீங்களும் போவக்கூடாது" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"செரி, அண்ணைக்கு வீட்டுல இருந்து டிவி பாப்போம்" என்றார் அவர். (போராட்டம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்.)

அந்தச் சமயத்தில் எனக்கு டச்சு சைக்கிள் பைத்தியமும் பிடித்திருந்தது. எங்கள் ஆபீஸ் தோழியின் மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவள் அனுப்பும் வீடியோக்களில் பெண்கள் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முன்கூடையில் ரொட்டியும் பூவும் வைத்து, சைக்கிளில் சாவகாசமாகப் போவார்கள். ஒருத்திக்கும் வியர்க்காது. ஒருத்தியும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நானும் இப்படித்தான் இனி ஆபீசுக்குப் போகப்போகிறேன் என்று அறிவித்தேன். அந்த நாட்டில் மேடு பள்ளமே கிடையாது என்பதையும், நாகர்கோவிலில் அதைத் தவிர வேறெதுவும் கிடையாது என்பதையும் நான் யோசிக்கவில்லை.

கடை கடையாக ஏறினேன். எல்லாரும் குனிந்து பாய்கிற சைக்கிளையே காட்டினார்கள். "எனக்கு நிமிர்ந்து இருந்து மெள்ள போற சைக்கிளு வேணும்" என்றேன். "மெள்ள போவதுக்கு எதுக்கு அக்கா சைக்கிளு? நடந்து போலாமே" என்றார் ஒருவர். இன்னொருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "நீங்க சொல்லுதது இதுதான், கூடயும் உண்டு" என்று முடித்துவிட்டார்.

கடைசியில் செல்லப்பன் என்பவர் கடையில் அது இருந்தது. யாரோ கொச்சியிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போய்விட்டாராம். கறுப்பாக, உயரமாக, சேலை சிக்காமல் இருக்கச் சங்கிலிக்கு முழு மூடியும் பின்சக்கரத்துக்கு வலையுமாக நின்றது. மணி மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு இருந்தது. பார்த்ததும் அதை இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன்.

அந்தக் கடை ஒரு மேட்டில் இருந்தது. அதே சாலை இறங்கி வளைகிற இடத்தில்தான் பகவதி அக்கா மகளுக்குக் கல்யாணம் நடக்கப்போகிற மண்டபம். ஓட்டிப் பார்க்க முகூர்த்த நாளன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். திட்டம் இதுதான்: மண்டபத்து வாசலில் சொந்தபந்தம் எல்லாம் நிற்கிற நேரத்தில், நான் மணியடித்துக்கொண்டு, உள்ளே திரும்பிக்கூடப் பார்க்காமல், நிமிர்ந்து தாண்டிப் போக வேண்டும். சாயம் போன சுடிதாரைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டேன். கல்யாணத்துக்கு வரவில்லை என்பது உடுப்பிலும் தெரிய வேண்டாமா?

அன்றைக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். செல்லப்பன் பொறுமையாக விளக்கினார். "அக்கா, இதுல கைபிரேக்கு கிடையாது. நிக்கணும்னா பெடல பின்னாக்க சவுட்டணும். கேட்டியளா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு" என்றேன். என் கண் அப்போது மண்டபத்து வாசலில் அரக்குப் பட்டோடு நின்ற பகவதி அக்கா மேல் இருந்தது.

முதல் கொஞ்ச தூரம் அப்படியே அந்த வீடியோதான். நிமிர்ந்திருந்தேன், வியர்க்கவில்லை, யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு இறக்கம் வந்தது. விரல்கள் பிரேக்கைத் தேடின. கைப்பிடியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. பயத்தில் இரண்டு காலையும் பெடலிலிருந்து தூக்கிவிட்டேன். அந்தச் சைக்கிளில் இருந்த ஒரே பிரேக், பின்பக்கமாக மிதிக்க வேண்டிய அந்தப் பெடல்தான்.

"ஏட்டி! பின்னாக்க சவுட்டுட்டீ!" என்று கத்திக்கொண்டு என் கணவர் பின்னால் ஓடி வந்தார். சொன்னபடி காலைப் பின்னால் உதைத்தேன். செருப்பு பறந்து போய் அவர் நெஞ்சில் விழுந்தது.

கையில் அகப்பட்டது மணி ஒன்றுதான். விடாமல் அடித்தேன். உள்ளே மேளம் முழங்கியது. சாலை இடப்பக்கம் வளைந்தது, சைக்கிள் வளையவில்லை. மணிச் சத்தம் கேட்டு வாசலில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்து மரியாதையாக வழிவிட்டது. வாழைமரத் தோரணத்துக்குள் புகுந்து, பன்னீரும் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்த வரவேற்பு மேசையில் போய் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தரையில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சந்தனம், தலையிலிருந்து பன்னீர் சொட்டுகிறது, மடி நிறையக் கல்கண்டு. அன்றைக்கு வந்தவர்களில் என்னளவுக்கு வரவேற்கப்பட்டவர் யாருமில்லை.

பிறகு பகவதி அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"வந்தியா மக்ளே! நா சொன்னேன்லா, அவ வராம இருக்கமாட்டான்னு! நேர்ல போய் விளிக்கக்கூட எனக்கு நேரம் ஒழியல்ல. ஆனாலும் பாருங்க, சைக்கிளு சவுட்டிப் பாஞ்சு வந்திருக்கா எங்க சுசீலா!"

"இல்லக்கா, நா சைக்கிளு வாங்க..."

"சைக்கிளு பொறவு வாங்கலாம். மொதல்ல பந்தியில இரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிபட்ட வலி என்று நினைத்து நாலைந்து பெண்கள் என் முட்டியைத் தடவிக்கொடுத்தார்கள். இத்தனைக்கும் முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்காவது அடிபட்டிருக்கக் கூடாதா என்று மனதார ஏங்கினேன்.

அதற்குள் என் கணவர் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார். பெண்ணின் அப்பா அவரைக் கட்டிப்பிடித்து, "தம்பி, நீ வந்திட்டியேடா" என்று கண்கலங்கினார். இவரும் கலங்கினார். இருவரையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை, பெண், சந்தன முகத்தோடு நான், கையில் என் செருப்போடு அவர் என்று ஒரு படம் இன்றும் இருக்கிறது. பந்தியில் எரிசேரியும் அடைப்பிரதமனும் அத்தனை ருசி. அதுதான் எனக்குக் கூடுதல் வேதனை. (பிரதமன் இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். வேறென்ன செய்ய?)

முன்சக்கரம் கோணிவிட்டதால் சைக்கிளை வாங்கியே தீரவேண்டியதாயிற்று. இப்போது கார் ஷெட்டில் நிற்கிறது. அகலமான அந்தக் கைப்பிடியில் என் கணவர் தலை துவட்டிய துவர்த்தைக் காயப்போடுகிறார். நான் பஸ்ஸில்தான் ஆபீசுக்குப் போகிறேன்.

கல்யாண வீடியோ எடுத்தவன் ஈவிரக்கம் இல்லாதவன். மாப்பிள்ளை வருகையை வெட்டிவிட்டு என் வருகையில்தான் படத்தையே தொடங்கியிருக்கிறான், மணிச் சத்தத்தோடு. எந்த விசேஷத்தில் கூடினாலும் அதைப் போட்டுவிடுகிறார்கள். பெண்ணின் அப்பா ஒவ்வொரு தடவையும் அதே வசனத்தைச் சொல்வார்: "மகாராஜா காலத்துல குளச்சல் சண்டையில டச்சுக்காரன அடிச்சு ஓட்டின ஊருலா இது. அவன் அண்ணைக்கு கப்பலுக்கு பதிலா இந்த சைக்கிள விட்டிருந்தா நாம தோத்திருப்போம்." எல்லாரும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்கள்.

போன மாதம் பகவதி அக்காவின் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இந்த முறை நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்று நம்பினேன். முன்னறையை ஒதுக்கி, நாற்காலிகளைத் துடைத்து, சாயங்காலந்தோறும் தலைவாரிக் காத்திருந்தேன். வாட்ஸ்அப்தான் வந்தது. அழைப்பிதழ், கும்பிடு பொம்மை, அதே மண்டபம். அடியில் புதிதாக ஒரு வரி:

"மக்ளே, ஒனக்கு சைக்கிளு விட வாசல்ல தனியா எடம் போட்டாச்சு."

கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, துவர்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் இந்தத் தடவை, பாவம், சைக்கிள் பழுது போலிருக்கிறது என்று நினைத்து அக்கா மன்னித்துவிடுவாள்.

"வாறேன் அக்கா" என்று அடித்து, நானும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன்.